மலைச்சரிவுக் காட்டின் கல்மண்: அதில் மரம் எப்படி நிற்கிறது, அது எப்போது சரிகிறது?

செங்குத்தான மலைச்சரிவில் காடு அடர்ந்து நிற்கிறது. ஆனால் கடப்பாரையை ஊன்றினால் ஒரு சாண் இறங்குவதற்குள் கல்லில் மோதி நின்றுவிடுகிறது. இவ்வளவு கல் கலந்த மண்ணில் இத்தனை பெரிய மரங்கள் எப்படி வளர்கின்றன, இந்த மண் வளமானதா வறியதா, கனமழை பெய்தால் நிற்குமா சரியுமா என்பது கேள்வி. மூன்றும் தனித்தனிக் கேள்விகளாகத் தெரிந்தாலும் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம். சரிவில் இருக்கிற மண் மேலிருந்து கீழே மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கிறது. நாம் பார்ப்பது அந்தப் பயணத்தின் நடுவில் ஒரு நாள். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை ஒவ்வொன்றாகப் பிடிபடும்.

முதலில் ஒரு விளக்கம். மண்ணியலில் கல்லையும் மண்ணையும் பிரிக்கிற கோடு 2 மில்லிமீட்டர். அந்தச் சல்லடையில் இறங்குவது நுண்மண். மணல், வண்டல், களி எல்லாம் அதற்குள் அடக்கம். சல்லடையில் தங்குவது கல். சுமார் 7.5 சென்டிமீட்டர் வரை சரளை, அதற்கு மேல் 25 சென்டிமீட்டர் வரை கைக்கல், அதையும் தாண்டினால் பெருங்கல், 60 சென்டிமீட்டருக்கு மேல் போனால் பாறாங்கல் என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க மண் வகைப்பாட்டில் கல்லின் பங்கு மொத்தக் கன அளவில் நூற்றுக்கு 35ஐத் தொட்டால் அதைத் தனி இனமாகவே வைக்கிறார்கள். காரணம், அந்த அளவுக்கு மேல் மண்ணின் நடத்தையே மாறுகிறது. காட்டுச் சரிவுகளில் 35 என்பது சாதாரணம். 60, 70 கூடப் பார்க்கலாம். உலக மண் வகைப்பாட்டில் பாறை மேல் 25 சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடுகிற மண்ணையும், ஏறக்குறைய கல்லாகவே இருக்கிற மண்ணையும் 'லெப்டோசால்' என்ற பெயரில் சேர்த்திருக்கிறார்கள். உலகில் மிக அதிகப் பரப்பில் இருக்கிற மண் தொகுதி அதுதான், சுமார் 160 கோடி ஹெக்டேர். அதாவது மெல்லிய கல்மண் அபூர்வமான விதிவிலக்கு என்று நினைக்கக் கூடாது. மலை இருக்கிற இடமெல்லாம் அது இருக்கிறது.

இந்தக் கல் எங்கிருந்து வருகிறது? இரண்டு வழி. ஒன்று, கீழிருந்து. அடிப்பாறையில் விரிசல் விழுந்து, அதற்குள் நீரும் வேரும் புகுந்து, துண்டு துண்டாகப் பெயர்ந்து மண்ணோடு சேர்கிறது. இன்னொன்று, மேலிருந்து. மேல்சரிவில் உடைந்தது உருண்டும் நழுவியும் வந்து தங்குகிறது. குழி வெட்டிப் பார்த்தால் இரண்டையும் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடலாம். கீழிருந்து வந்த கல் அடிப்பாறையின் அதே இனம். கீழே போகப் போகத் துண்டுகள் பெரிதாகி, கடைசியில் விரிசல் விட்ட பாறையோடு ஒன்றிப்போகும். மேலிருந்து வந்தது கலப்படம். பெரிதும் சிறிதும் ஒழுங்கில்லாமல் கிடக்கும், தட்டையான கற்கள் சரிவுக்கு இணையாகப் படுத்திருக்கும், சில சமயம் அந்த இடத்துப் பாறையில் இல்லவே இல்லாத இனமும் கலந்திருக்கும். கூர்முனை மழுங்காத கல்லாக இருந்தால் அது அதிக தூரம் வரவில்லை. வழவழப்பான உருண்டைக் கல்லைச் சரிவின் நடுவில் பார்த்தால் நின்று யோசிக்க வேண்டும். அந்த இடத்தில் எப்போதோ ஆறோ பனியாறோ இருந்திருக்கலாம். கருங்கல் போன்ற பாறை தானாகவே உருண்டையாக உரிந்து சிதைவதும் உண்டு, அதையும் மறந்துவிடக் கூடாது.

காலமும் இதில் சேர்கிறது. மத்திய ஐரோப்பாவின் நடுத்தர உயர மலைகளில் இன்று காணப்படுகிற கல்மண்ணின் பெரும்பகுதி இன்றைய தட்பவெப்பத்தில் உருவானது அல்ல. கடைசிப் பனியுகத்தில், காடே இல்லாத குளிரில், நீர் உறைந்து உறைந்து பாறையைப் பிளந்தது. கோடையில் மேல்மண் மட்டும் இளகிச் சரிவில் வழிந்தது. காற்று அள்ளி வந்த நுண்ணிய வண்டல் அதில் கலந்தது. இப்போது அங்கே நிற்கிற காட்டின் வேர்கள் ஓடுவது அந்தப் பழைய கலவையில்தான். அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளிலும் இதே மாதிரிப் பனியுக எச்சங்கள் சரிவுகளில் படிந்திருக்கின்றன.

சரி, மண் எப்படி நகர்கிறது? நிலச்சரிவு என்றால் எல்லாருக்கும் தெரியும், ஆனால் பெரும்பாலான நாட்களில் நடப்பது கண்ணுக்குத் தெரியாத ஊர்தல். மண் நனையும்போது உப்புகிறது, காயும்போது சுருங்குகிறது. உப்பும்போது துகள் சரிவுக்குச் செங்குத்தாக வெளியே தள்ளப்படுகிறது. சுருங்கும்போது ஏறக்குறைய நேராகக் கீழே இறங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மயிரிழை கீழ்நோக்கிக் கழிகிறது. குளிர் நாடுகளில் உறைதலும் இளகுதலும் அதே வேலையைச் செய்கின்றன. இதோடு எறும்பு, மண்புழு, வளை தோண்டும் விலங்குகள். எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பாக இருப்பது மரம் சாய்வது. பெருமரம் வேரோடு பெயரும்போது அதன் வேர்த்தட்டு பல கன மீட்டர் மண்ணையும் கல்லையும் பிடித்துத் தூக்குகிறது. அடியில் கிடந்த கல் மேலே வருகிறது. வேர் மக்கியதும் தூக்கிய சுமை கீழ்ப்பக்கம் கொட்டுகிறது. பிடுங்கிய இடம் பள்ளமாகவும் கொட்டிய இடம் மேடாகவும் நூற்றாண்டுக்கணக்கில் நிற்கும். பழைய காட்டின் தரை மேடும் பள்ளமுமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு வகையில் மரங்களே அந்தச் சரிவை உழுகின்றன. அதனால்தான் சமவெளி மண்ணில் தெரிகிற தெளிவான அடுக்குகள் இங்கே கலைந்து கலைந்து கிடக்கின்றன.

மேற்பரப்பிலிருந்து கழிந்து போகிற மண்ணுக்கு ஈடாகக் கீழே பாறை சிதைந்து புது மண் பிறக்கிறது. மண் மெல்லியதாக இருக்கும்போது பாறை சீக்கிரம் சிதைகிறது, மேலே கனமாக மூடியிருந்தால் மெதுவாகிறது என்ற கருத்தை அமெரிக்க நிலவியலாளர் கில்பர்ட் 1877லேயே சொன்னார். 1990களில், விண்கதிர் படுவதால் குவார்ட்ஸ் என்ற தாதுவில் சேரும் பெரிலியம்-10 போன்ற அரிய அணுக்களை அளந்து பார்த்தபோது, மேல்மண் தடிக்கத் தடிக்கப் பாறை சிதையும் வேகம் சீராகக் குறைவது பல இடங்களில் உறுதியானது. ஆக, சரிவு தன் மண்ணின் தடிமனைத் தானே சமன் செய்துகொள்கிறது. ஆனால் அந்த வேகம் மிகக் குறைவு. ஆண்டுக்கு 0.05 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு மீட்டர் மண்ணுக்கு 20,000 ஆண்டு ஆகும். ஒரே இரவில் சரிந்துபோன மண்ணை 'மறுபடி வந்துவிடும்' என்று சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது வளத்துக்கு வருவோம். கல்மண் என்றாலே வறிய மண் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. பாதிதான் உண்மை. இந்த மண் எப்போதும் இளமையான மண். முதிர்வதற்குள் கீழே போய்விடுகிறது, களி அடுக்கு உருவாக நேரம் கிடைப்பதில்லை. அதே இளமைதான் அதன் பலமும். இன்னும் சிதையாத தாதுக்கள் அதில் இருக்கின்றன. அவை உடைய உடையச் சுண்ணாம்புச்சத்து, மக்னீசியம், பொட்டாசியம், பாஸ்பரஸ் வெளிவருகின்றன. அதற்கு மாறாக, மழை மிகுந்த வெப்பநாட்டுச் சமதளங்களில் பல லட்சம் ஆண்டு கிடந்த மண் ஆழமாக இருக்கும், கல்லே இருக்காது, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பாறையிலிருந்து வரவேண்டிய சத்து எல்லாம் கரைந்து போயிருக்கும். ஹவாயின் காவாய் தீவில் இதை நேரடியாக ஒப்பிட்டிருக்கிறார்கள். சுமார் 40 லட்சம் ஆண்டுப் பழைமையான மேட்டுச் சமதளத்தில் பாறைச் சத்து ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. பக்கத்திலேயே இருக்கிற சரிவில், அரிமானம் மேல்மண்ணைக் கழித்துக்கொண்டே இருப்பதால், மரங்களுக்குப் புதிய பாறையின் சத்து கிடைக்கிறது. சரிவு மண் ஏழை என்று ஒரே வார்த்தையில் முடிப்பது தவறு. அளவில் குறைவு, சத்தில் புதியது.

அந்த அளவு எவ்வளவு குறைவு என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஆய்வகத்துக்கு அனுப்புவது சலித்த நுண்மண். ஒரு கிலோவில் இத்தனை மில்லிகிராம் சத்து என்று அறிக்கை வரும், பார்க்கச் செழிப்பாகவே இருக்கும். ஏனென்றால் விழுகிற இலைமக்கு முழுவதும் கற்களுக்கு நடுவில் இருக்கிற கொஞ்சம் நுண்மண்ணில் போய்ச் செறிகிறது. ஆனால் நிலத்தில் பாதி இடம் கல் என்றால் மொத்தச் சத்தும் பாதிதான். கல்லின் கணக்கைக் கழிக்காமல் காட்டு மண்ணில் இருக்கிற கார்பனையோ நைட்ரஜனையோ கணக்கிட்டால் விடை இரண்டு மடங்காகிவிடும்.

இதற்குள் இன்னொரு பொறி. கல்லின் பங்கை எடையில் சொல்கிறார்களா, கன அளவில் சொல்கிறார்களா என்று கட்டாயம் கேட்க வேண்டும். கெட்டியான கல்லின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 2.65 கிலோ, பொலபொலப்பான காட்டு நுண்மண்ணின் அடர்த்தி 1 அளவில் இருக்கும். எடையில் கல் பாதி, மண் பாதி என்றால் கன அளவில் கல் ஏறக்குறைய நூற்றுக்கு 27தான். வேருக்கும் நீருக்கும் வேண்டியது இடம். எடை அவற்றுக்குப் பொருட்டில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் நல்ல மண்ணை மோசம் என்றும் மோசமான மண்ணை நல்லது என்றும் சொல்லிவிடுவோம்.

நீரின் கணக்கும் அப்படித்தான். மணலும் வண்டலும் களியும் அளவாகக் கலந்த நல்ல இருமண் ஒரு மீட்டர் ஆழத்தில் செடிக்குக் கிடைக்கக்கூடிய நீராகச் சுமார் 150 மில்லிமீட்டர் பிடித்து வைக்கும். சரிவில் மண் 60 சென்டிமீட்டர்தான், அதில் பாதி கல் என்று கொள்ளுங்கள். மிஞ்சுவது 45 மில்லிமீட்டர். காடு ஒரு நாளைக்கு 3 மில்லிமீட்டர் குடித்தால் 15 நாளில் தீர்ந்துவிடும். ஆனால் மாதக்கணக்கில் மழையில்லாத காலத்திலும் பெருமரங்கள் பச்சையாக நிற்கின்றன. இந்தக் கணக்கு உதைக்கிற இடத்தில்தான் உண்மையான விஷயம் இருக்கிறது. மரம் குடிப்பது மண்ணிலிருந்து மட்டும் இல்லை. வேர் பாறை விரிசலுக்குள் இறங்குகிறது. சிதைந்த பாறை, விரிசல்களில் நிரம்பிய களி, பொத்தல் விழுந்த பாறைத்துண்டு எல்லாம் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. வடக்குக் கலிபோர்னியாவில் ஒரு காட்டுச் சரிவில் ஆழ்துளைகள் போட்டு ஆண்டுக்கணக்கில் அளந்தவர்கள், பெய்த மழையில் கால் பங்குக்கும் மேலாகக்கூடச் சிதைந்த பாறைக்குள் தங்கி, பிறகு மரங்களுக்குப் போவதை 2018இல் வெளியிட்டார்கள். மண் எங்கே முடிகிறது என்று மண்வெட்டி சொல்லும். மரத்துக்கு அது முடிவே இல்லை.

எல்லாக் கல்லும் ஒன்று போல இருப்பதில்லை. கெட்டியான குவார்ட்ஸ் கல் ஒரு சொட்டு நீரும் தராது. மென்மையான மணற்பாறைத் துண்டும் எரிமலை நுரைக்கல்லும் கணிசமாக நீர் பிடிக்கும். கல் கிடக்கிற நிலையும் முக்கியம். தரைமேல் சும்மா கிடக்கிற கல், மழைத்துளியின் அடியைத் தாங்கிக்கொள்கிறது. அதன் அடியில் மண் இறுகாமல் இருப்பதால் நீர் பக்கவாட்டில் உள்ளே இறங்குகிறது. வெயிலில் ஆவியாவதும் குறைகிறது. அதே கல் இறுகிய மேல்மண்ணில் பதிந்து கிடந்தால் நீரை உள்ளே விடாமல் வழிய வைக்கிறது. கல்லைப் பொறுக்கிச் சுத்தம் செய்தால் சரிவு நன்றாகும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். செங்குத்துச் சரிவில் மேற்பரப்புக் கல் ஒரு கவசம்.

காட்டுச் சரிவில் மழை பெய்யும்போது நீர் தரைமேல் ஓடுவதை நீங்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். இலைச்சருகு மெத்தை, மக்கிய வேர்கள் விட்டுப்போன குழாய்கள், கற்களைச் சுற்றி இருக்கிற இடைவெளிகள் என்று நீர் இறங்க ஆயிரம் வழி. அப்புறம் பாறை மேல் போய் முட்டி, சரிவு வாக்கில் மண்ணுக்குள்ளேயே ஓடுகிறது. அமெரிக்காவின் வட கரோலினா மலைக்காட்டில் 1934இல் தொடங்கிய கொவீட்டா நீரியல் ஆய்வுக்கூடத்தில் சாய்வான காங்கிரீட் தொட்டியில் மண்ணை நிரப்பி, நனைத்து, ஆவியாகாமல் மூடி வைத்துப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் அடியில் நீர் கசிந்துகொண்டே இருந்தது. மழை நின்று நெடுநாள் ஆன பிறகும் மலை ஓடை வற்றாமல் ஓடுவதன் ஒரு காரணம் அந்தச் சிறிய சோதனையில் தெளிவானது.

இதே உள்ளோட்டம்தான் ஆபத்தும். கூர்முனைக் கற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் கல்மண்ணுக்கு உராய்வு அதிகம். ஒட்டும் தன்மையே இல்லாத கல்மண்கூடக் காய்ந்த நிலையில் 38 பாகைச் சரிவு வரை நிற்கலாம். ஆனால் மண் முழுக்க நனைந்து நீர் சரிவுக்கு இணையாக ஓடும்போது, நீரின் அழுத்தம் கற்களைச் சற்றே தூக்கிப் பிடிக்கிறது, கவ்வல் தளர்கிறது. கணக்குப்படி அப்போது அதே மண் சுமார் 22 பாகை வரைதான் நிற்கும். அப்படியென்றால் 30, 35 பாகைச் சரிவில் காடு எப்படி நூற்றாண்டாக நிற்கிறது? இரண்டு காரணம். நீர் சேர்வதற்குள் வடிந்துவிடுகிறது. மீதியை வேர் பிடித்துக்கொள்கிறது. வேர் மண்ணைத் தைக்கிறது, பாறை விரிசலில் ஆணி அடித்தது போல மாட்டிக்கொள்கிறது, பக்கத்து மரங்களின் வேரோடு பின்னி வலையாகிறது.

மரத்தை வெட்டினால் அன்றைக்கே சரிவு விழாது, அதனால்தான் காரணமும் விளைவும் மக்கள் மனத்தில் சேர்வதில்லை. வெட்டிய மரத்தின் வேர் மெல்ல மக்குகிறது. புது மரங்களின் வேர் இன்னும் வலுப்பெறவில்லை. ஏறக்குறைய மூன்றாம் ஆண்டிலிருந்து பதினைந்தாம் ஆண்டு வரை இருக்கிற அந்த இடைவெளியில் சரிவு மிகவும் பலவீனமாக இருக்கிறது. அப்போது வருகிற ஒரு பெருமழையின் மேல் பழி போகும். பத்தாண்டுக்கு முன் கோடரி வைத்தது யாருக்கும் நினைவிருக்காது. சாலைக்காகச் சரிவைக் குடைவதும் இதே கதை. மேல்பக்கம் வெட்டிய சுவர் உள்ளோட்டத்தை வெளியே கொண்டுவருகிறது. கீழ்ப்பக்கம் தள்ளிய தளர்ந்த மண் ஏற்கெனவே செங்குத்தான இடத்தில் சுமையாக உட்காருகிறது. அந்தக் குவியலுக்குள் மரக்கட்டைகளும் புதைந்திருந்தால் அவை மக்கும்வரைதான் உறுதி.

சரிவு முழுவதும் மண் ஒரே மாதிரி இருக்காது. புடைத்த முகடுகளில் மண் மெல்லியது, நீர் பிரிந்து போகிறது. இரண்டு முகடுகளுக்கு நடுவிலுள்ள மடிப்பில் மண்ணும் நீரும் வந்து சேர்கின்றன. சில மடிப்புகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கல்மண் சேர்ந்து, ஒரு நாள் கல்லும் சேறுமாகக் கலந்து முழுவதும் கீழே பாய்ந்துவிடும். பிறகு மறுபடி நிரம்பத் தொடங்கும். மரங்கள் மிகச் செழிப்பாக இருப்பதும் இந்த மடிப்புகளில்தான். ஆகவே அடர்ந்த காடு நிற்கிறது என்பதை மட்டும் வைத்து ஓரிடம் பாதுகாப்பானது என்று முடிவு செய்யாதீர்கள். மடிப்பின் வாயிலில் வீடு கட்டுவது பற்றி யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

வெயில் படும் திசையும் உண்டு: நில நடுக்கோட்டுக்கு வடக்கே வெகுதூரம் போனால் தெற்கு நோக்கிய சரிவு காய்ந்து மெலிந்திருக்கும், தெற்கே போனால் வடக்கு நோக்கியது. பாறை இனம் இன்னும் பெரிய வேறுபாடு செய்கிறது. கருங்கல் மணலாகவும் உருண்டைப் பாறையாகவும் உதிர்கிறது. நீர் நன்றாக வடியும், மண் அமிலத்தன்மையோடு இருக்கும். தகடு தகடாகப் பிளக்கிற பாறை வழுக்கும் தட்டைக் கற்களையும் நுண்ணிய வண்டலையும் தருகிறது. தகடுகள் சரிவு வாக்கிலேயே சாய்ந்திருந்தால் சரியும் ஆபத்து கூடுதல். சுண்ணாம்புப் பாறை பெரும்பாலும் கரைந்தே போய்விடுகிறது, மண்ணாக மிஞ்சுவது நூற்றில் சில பங்குதான். அதனால் அங்கே வெள்ளைப் பாறையின் மேல் நேராகக் கரிய மக்கு உட்கார்ந்திருக்கும். மெல்லிய மண், ஆனால் சத்து மிகுந்தது. அங்கே காட்டை அழித்தால் அந்தக் கரிய போர்வை பாறை இடுக்குகளுக்குள் கழுவிக்கொண்டு போய், வெறும் பாறை மிஞ்சும்.

உங்கள் சரிவில் நீங்களே பார்க்க விரும்பினால் துளைக்கருவியை நம்ப வேண்டாம். முதல் கைக்கல்லில் நின்றுவிடும், 'இங்கே பாறை' என்று தவறாக எழுதிவிடுவீர்கள். அரை மீட்டர் அகலத்தில் ஒரு குழி வெட்டுங்கள். எடுத்ததையெல்லாம் ஒரு தார்ப்பாயில் கொட்டிச் சலித்து, கல்லைத் தனியாக, நுண்மண்ணைத் தனியாக எடை போடுங்கள். குழியின் கன அளவை அறிய மெல்லிய பிளாஸ்டிக் தாளை உள்ளே விரித்து, மேல்பக்கத்துக்குச் சமமாக ஒரு சட்டம் வைத்து, நீரையோ காய்ந்த மணலையோ அளந்து நிரப்பலாம். கல்லின் எடையைக் கிலோவில் எடுத்து 2.65 ஆல் வகுத்தால் கெட்டிக் கல்லின் கன அளவு லிட்டரில் கிடைத்துவிடும். சுவரில் கல் எப்படிப் படுத்திருக்கிறது, வேர் எதுவரை போகிறது, அடியில் ஈரம் எங்கே கசிகிறது, துருப்பிடித்த நிறத்தில் புள்ளிகள் உண்டா என்று பாருங்கள். அப்படிப் புள்ளி இருந்தால் அந்த ஆழத்தில் நீர் தேங்கி நிற்கிற காலம் இருக்கிறது. சுற்றியுள்ள மரங்களின் அடிமரம் வில் போல வளைந்திருந்தால் மண் ஊர்கிறது என்று உடனே சொல்லிவிடாதீர்கள். வெளிச்சம் தேடி வளைந்ததாகவும் பனிச்சுமை அழுத்தியதாகவும் இருக்கலாம். புதிய தரை விரிசல், இழுபட்டு விறைத்த வேர்கள், பல மரங்கள் பல திசையில் சாய்வது ஆகியவை அதைவிட நம்பகமான அறிகுறிகள்.

பார்த்து முடித்ததும் குழியை மூடுங்கள். பெரிய கற்களை முதலில் அடுக்கி, இடையில் மண்ணை இட்டு மிதித்து, மேல்மண்ணை மேலேயே வைத்து, கடைசியாக இலைச்சருகை விரித்துவிடுங்கள். அடுத்த மழைக்கு முன் அதைச் செய்துவிட வேண்டும்.